தேசியக் கொடியின் மூன்று நிறங்களும் மூன்று மதங்களைக் குறிக்கின்றனவா?

இப்போதைய கொடியில் கிடையாது. ஆனால் காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று ஊரெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

1921இல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. சிவப்பு, பச்சைப் பின்னணியில் ராட்டை போட்டு ஒரு கொடி வரைந்து தரும்படி மசூலிப்பட்டினம் தேசியக் கல்லூரியைச் சேர்ந்த பிங்கலி வெங்கையாவிடம் காந்தி கேட்டார். ராட்டை யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெங்கையா மூன்றே மணி நேரத்தில் வரைந்து கொடுத்துவிட்டார். ஆனாலும் கமிட்டி முன் வைக்க நேரம் தவறிவிட்டது. தாமதமானதும் நல்லதுக்குத்தான் என்று காந்தியே பிறகு எழுதினார். மற்ற மதத்தாருக்கும் கொடியில் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றி, வெள்ளை சேர்ந்தது அப்புறம்தான். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு.

மதத்துக்கு ஒரு நிறம் என்று ஆனபின், எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? 1931இல் காங்கிரஸ் எழுவர் குழு ஒன்றை அமைத்தது. படேல், நேரு, ஆசாத், சீக்கியத் தலைவர் தாரா சிங் எல்லோரும் அதில் இருந்தார்கள். முழுக் காவித் துணியில் ராட்டை என்று அந்தக் குழு சொன்னதைக் கமிட்டி ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டில் பம்பாயில் கூடி காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை என்று முடிவு செய்தார்கள். நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்றும் அப்போதே தெளிவாக்கினார்கள். காவி துணிவுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும், பச்சை நம்பிக்கைக்கும் வீரத்துக்கும். நம் கொடியின் வரலாற்றிலேயே பெரிய முடிவு இதுதான் என்பேன்.

1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் தடியடி பட்டு விழுந்தபோது பிடித்திருந்ததும் ராட்டைக் கொடிதான். பள்ளி மாறுவேடப் போட்டிக்குக் குமரன் வேடம் போட்டுப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், தயவுசெய்து அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அசோகச் சக்கரம் வந்தது 1947இல். ராட்டையில் ஒரு பக்கம் பெரிய சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். சக்கரம் கம்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். துணியைத் திருப்பிப் பார்த்தால் படம் இடவலமாக மாறிவிடும். கொடியின் சின்னம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதால் சாரநாத் தூணின் சக்கரத்தை எடுத்துக்கொண்டோம் என்று நேரு அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். ராட்டை போனதில் காந்திக்கு வருத்தம். எனக்கும் அந்த வருத்தம் புரிகிறது. ஏழை வீட்டில் புழங்கிய பொருள் அது.

1947 ஜூலை 22 அன்று கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேரு, இதில் மதப் பொருள் எதுவும் இல்லை என்று மறுபடியும் சொன்னார். காவி பற்றின்மையையும், வெள்ளை ஒளியையும் உண்மையின் பாதையையும், பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவையும் குறிப்பதாக ராதாகிருஷ்ணன் பேசினார். முஸ்லிம் லீகின் சௌத்ரி கலீக்குஸ்ஸமான் ஆதரித்துப் பேசினார். கடைசியில் சபை முழுவதும் எழுந்து நின்று தீர்மானத்தை ஏற்றது. அன்றைய விவாதம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அவசியம் படியுங்கள்.