பன்னிரண்டு சூத்திரம் எதற்கு?

கேள்வி: மகள் தரம் 11. வெப்பநிலையை மாற்றும் கணக்குகளில் அடிக்கடி பிழை விடுகிறாள். ரியூசனில் பன்னிரண்டு சூத்திரம் அடித்த தாள் ஒன்று தந்திருக்கிறார்கள். முழுவதையும் பாடமாக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டு போதும். செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் கெல்வின். பரனைற்றில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ். திரும்பி வருவதற்கு இதையே கடைசியிலிருந்து செய்தால் சரி. மிச்சம் பத்தும் தாளை நிரப்பத்தான். தாள் நிரம்பினால்தானே காசு கேட்கலாம்!

அந்தத் தாளில் பரனைற்றுக்கு மாற்ற "செல்சியஸை இரட்டித்து 30 கூட்டு" என்ற குறுக்குவழி இருந்தால் உடனே வெட்டிவிடுங்கள். ஒரு சுகதேகியின் உடல் வெப்பநிலை 37. இரட்டித்து 30 கூட்டினால் 104 வரும். சரியான விடை 98.6. ஒன்றுமில்லாத பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வரவைக்கிற கணக்கு இது. 10 பாகை செல்சியசில் மட்டும் அச்சொட்டாகச் சரிவரும். யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

மகள் பிழை விடுவது அநேகமாக வேறு இடத்தில். 2 கிலோகிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்குகிறோம். வெப்பநிலை மாற்றம் 50. கெல்வினில் சொன்னாலும் அதே 50தான். ஏனென்றால் 30க்கும் 273 கூட்டுகிறோம், 80க்கும் 273 கூட்டுகிறோம். கழிக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். பிள்ளைகளோ 50ஐக் கண்டதும் 273ஐக் கூட்டி 323 என்று எழுதிவிடுவார்கள். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் வெப்பம் வேண்டும். ஆகவே 2 × 4200 × 50 = 4,20,000 யூல் என்று வரவேண்டிய விடை 27 இலட்சத்தைத் தாண்டும். பரனைற்றிலும் இதே கதைதான். 9 பாகை பரனைற் ஏறினால் 5 பாகை செல்சியஸ் ஏறியிருக்கிறது. அங்கே 32க்கு வேலையே இல்லை. மாற்றம் என்றால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

வெப்பமானியைக் கையில் கொடுத்துச் சுடுதண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு பாடவேளையில் விளங்குகிற விஷயம். ஆய்வுகூடத் திறப்பு யாரிடம் என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம் ரியூசன், அப்புறம் இந்தத் தாள்.

இன்று இரவே மகளிடம் கேளுங்கள்: 30 பாகை செல்சியஸ் 35 ஆனால், எத்தனை கெல்வின் ஏறியது? 5 என்றால் விட்டுவிடுங்கள். 278 என்றால் அந்தத் தாளை வாங்கி ஒளித்துவைத்துவிட்டு, மேலே உள்ள தண்ணீர்க் கணக்கைக் கொப்பியில் ஒருமுறை செய்ய விடுங்கள்.