எங்க லிமிட்டில் வராது
வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் நடைபாதை பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த இதழ் முழுக்கப் போய்விட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நகர் ஊரமைப்புத் துறையில் வரைவாளராகச் சேர்ந்து முப்பத்திரண்டு வருடம் வரைபடத்தில் கோடு போட்டவள் நான். போட்ட கோடுகள் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளி நாலு கிலோமீட்டர். பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. ஆனால் புறவழிச்சாலை வந்ததிலிருந்து சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் பயப்படுகிறார்கள். பாதை கேட்டு யாரிடம் மனு கொடுப்பது?
— ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

'யாரிடம்' என்று கேட்டீர்கள் பாருங்கள், சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பிள்ளை வீட்டு வாசலில் ஏறி மிதிப்பது ஊராட்சிச் சாலை. ஊரைத் தாண்டினால் ஊராட்சி ஒன்றியச் சாலை. அப்புறம் மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதரச் சாலை. புறவழிச்சாலையைக் குறுக்கே கடக்கிற அந்த முப்பது மீட்டர் மட்டும் தேசிய நெடுஞ்சாலை. பள்ளிக்கூடம் இருப்பது பேரூராட்சிக்குள். ஆக, நாலு கிலோமீட்டருக்கு ஐந்து ஆபீஸ். ஒவ்வொன்றிலும் "இது எங்க லிமிட்டில் வராதும்மா" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வராது. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறேன்.

சைக்கிளுக்குப் பேர்போன டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலும் இதே கதைதான் நடந்தது. நகருக்குள் பாதை நன்றாக இருக்கும். எல்லையைத் தாண்டி அடுத்த நகராட்சிக்குள் நுழைந்ததும் அகலம் மாறும், தளம் மாறும், சில இடத்தில் பாதையே காணாமல் போகும். 2009 வாக்கில் சுற்றியிருக்கும் நகராட்சிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எல்லை எங்கே இருந்தாலும் பாதை ஒரே மாதிரி ஓடவேண்டும் என்று பேசி முடித்தன. 2012-ல் ஆல்பர்ட்ஸ்லுண்ட் என்ற புறநகர் வரைக்கும் முதல் தடம் திறந்தார்கள். அதில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த ஒரே மேஜைதான் விஷயம்.

உங்கள் மாவட்டத்தில் அந்த மேஜை கலெக்டருடையது. அவரிடம் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் காலை எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை வழி நெடுகப் பிள்ளைகளை நிறுத்தி, எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, எந்தெந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். இறங்கித் தள்ளுகிற இடத்தில்தான் பாதை அறுந்திருக்கிறது. நாலு கிலோமீட்டரில் அப்படி மூன்று அல்லது நாலு இடம் இருக்கும், அவ்வளவுதான். முழுப் பாதையையும் கேட்டால் மதிப்பீடு போடவே மூன்று வருடம் ஆகும். அந்த நாலு இடத்தைக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரைபடத்தோடு கொடுங்கள். ஐந்து துறையும் சேர்ந்து நேரில் வந்து பார்க்கும் கூட்டு ஆய்வு வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்.

புறவழிச்சாலையில் வெறும் வெள்ளைக்கோடு போட்டுத் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகத்தான் எங்கள் துறையில் வைப்போம். சென்டர் மீடியன் வரைக்கும் ஒன்பது மீட்டர் தார் இருந்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஏழரை நொடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்த ஏழரை நொடியில் ஏறக்குறைய 170 மீட்டர் வந்துவிடும். ஒரு வளைவோ மேடோ மறைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அங்கே வேண்டியது சரிவு குறைவான, விளக்குப் போட்ட சப்வே. அது வரும்வரை, வண்டிகளின் வேகத்தை இறக்கியே ஆகவேண்டும்.

உங்கள் மாவட்டத்தின் பேரைப் பார்த்ததும் எனக்கு வேறொரு நினைப்பு. 1991-ல் என் முதல் போஸ்டிங் புதுக்கோட்டை. அறிவொளி இயக்கம் நடந்த நேரம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் வாடகைக் கடை ஜென்ட்ஸ் சைக்கிளில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினேன். முதல் நாள் குரங்குப் பெடல்தான். கல் உடைக்கிற பெண்களும் செவிலியர்களும் ஆசிரியைகளும் மாவட்டம் முழுக்க ஓட்டினார்கள். சைக்கிள் பாதை என்று அன்றைக்கு ஒரு அடிகூடக் கிடையாது. சாலை குறுகல், வண்டி குறைவு, வந்த பஸ்ஸும் மெதுவாக வந்தது. அந்த மெதுவே எங்களுக்குப் பாதையாக இருந்தது. அப்புறம் நாங்கள்தான் அகலப்படுத்தினோம்.

இந்த வெயிலில் யார் நடப்பார்கள், யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? ஐரோப்பாக் கதையெல்லாம் இங்கே எடுபடுமா?
— வேலூர் வாசகர்

உங்கள் ஊர் வெயிலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நம் ஆட்கள் அந்த வெயிலில்தான் காலங்காலமாக நடந்தார்கள், சாலையில் புளியமரம் இருந்ததால். மதுரைப் பக்கம் இன்னமும் மங்கம்மாள் சாலை என்று சொல்வார்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது அந்த மரங்கள்தான். மரத்தை வெட்டிவிட்டு 'வெயிலில் யார் நடப்பார்' என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

வடக்குத் தெற்காக ஓடும் சாலையில் மேற்கு ஓரத்தில் மரம் வையுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நாலு மணிக்கு நிழல் சாலைக்குள் விழும். கிழக்கு ஓரத்தில் வைத்தால் அந்த நேரத்து நிழல் யார் வீட்டுச் சுவரிலோ விழும். மரம் நடும் விழாவுக்குக் கூப்பிட்டால் இதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். டீ கொடுக்கிறார்கள்.

எங்கள் நகரில் கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் போட்டார்கள். அதில் கார் நிற்கிறது, சைக்கிள் இல்லை. திட்டம் தோல்வி என்று ஒப்புக்கொள்வீர்களா?
— கோவை வாசகர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது தோற்றது என்று பார்க்கவேண்டும்.

1970-களில் நெதர்லாந்தில் ஹேக், டில்பர்க் என்ற இரண்டு ஊர்களில் அரசாங்கமே பணம் கொடுத்து ஆளுக்கொரு அருமையான மாதிரித் தடம் போட்டுப் பார்த்தது. தடத்தில் போனவர்களுக்குச் சந்தோஷம். ஊரில் புதிதாகச் சைக்கிள் எடுத்தவர்கள் அதிகமில்லை. அடுத்து டெல்ஃப்ட் என்ற சின்ன ஊரில் வேறு விதமாகச் செய்தார்கள். பளபளப்பான ஒரே தடத்தைப் போடாமல், ஊர் முழுக்க வலை மாதிரிப் பின்னினார்கள். ஊரைக் குறுக்கும் நெடுக்கும் கடக்க 400 முதல் 600 மீட்டருக்கு ஒரு வழி. பேட்டைக்குள் 200, 300 மீட்டருக்கு ஒன்று. வீட்டுத் தெருக்களில் அதைவிட நெருக்கமாக. பாதி வேலை, இருக்கிற சந்துகளை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான்: இங்கே ஒரு சின்னப் பாலம், அங்கே ஒரு சுரங்கப்பாதை.

ஒரு கிலோமீட்டர் தடம் எந்த வீட்டில் தொடங்கி எந்த வேலைக்குப் போகிறது? மின்கம்பத்தோடு மின்கம்பத்தைச் சேர்க்காமல் நடுவில் மட்டும் ஒரு கஜம் ஒயர் கட்டிவிட்டு, பல்பு எரியவில்லை என்கிற கதை. நம் ஊரில் தடத்தை இடம் காலியாக இருக்கிற சாலையில் போடுகிறோம். இடம் நெருக்கடியான சாலையில்தான் ஆட்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடை, சைக்கிள் மாதிரி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம். காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

நடைபாதையில் பைக் ஏறுவதைத் தடுக்க இரும்புக் கம்பம் நட்டால் போதாதா?
— மதுரை வாசகி

சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது இடைவெளி விடவேண்டும். அதில் பைக்கும் தாராளமாக நுழையும். பைக் நுழையாதபடி நட்டால், சக்கர நாற்காலிக்காரர் சாலையில் இறங்கவேண்டியதுதான். கம்பத்தை விடுங்கள், பைக்காரர் ஏன் ஏறுகிறார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். திரும்புவதற்கு மீடியனில் இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சாலையை ஒருவழியாக்கி அவரை நடைபாதையில் ஏற்றிவிட்டது எங்கள் வரைபடம்தான்.

இதிலேயே என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் நான் 1.8 மீட்டர் நடைபாதை வரைந்தேன். அளவு சரி, விதிப்புத்தகத்தில் இருப்பதுதான். வருடங்கள் கழித்து அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். நடுவில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. நான் கோடு போடும் முன்பிருந்தே நின்றதாம். களத்துக்குப் போகாமல் பழைய சர்வே படத்தை வைத்து வரைந்திருக்கிறேன்.

நடைபாதை என்று பார்க்கிங்கை எடுத்துவிட்டால் எங்கள் வியாபாரம் என்ன ஆவது?
— ஜவுளிக்கடைக்காரர், கும்பகோணம்

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாக நடைபாதை போட்டார்கள், கடைகள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் கும்பகோணம் பாண்டி பஜார் அல்ல, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நாளைக் காலை பத்தரைக்குக் கடை வாசலில் நிற்கும் பைக்குகளில் எத்தனை வாடிக்கையாளருடையது, எத்தனை உங்களுடையதும் ஊழியர்களுடையதும் என்று எண்ணிவிட்டு மறுபடி எழுதுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பாதியில் தரைக்கடைக்காரர்களைப் பற்றி எழுதியதற்குப் பதில் சொல்லவில்லை. அவர்கள் பிழைப்பைப் பாதுகாக்க 2014-ல் தனிச் சட்டமே வந்தாயிற்று.

எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வாய்க்கால் கரை இருக்கிறது. அதையே சைக்கிள் வழியாக்கினால் என்ன?
— ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

ஐயா, வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான். முப்பது வருடம் கரைமேல் தபால் கொண்டுபோனவர் சொல்வதற்கு மேல் நான் என்ன படம் போட?

பெல்ஜியத்தில் லிம்பர்க் என்கிற மாகாணத்தில் சுரங்கப் பொறியாளர் ஒருவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் வழி தவறாமலிருக்கச் சந்திப்புகளுக்கு எண் போடுவார்கள். அதே மாதிரி, கால்வாய்க் கரை, வயல் வழி, பழைய ரயில் தடம் எல்லாம் கூடும் இடங்களுக்கு எண் போட்டார். 1995-ல் தொடங்கியது. 12-லிருந்து 47, அங்கிருந்து 53 என்று எழுதி வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். புதுச்சாலை எதுவும் போடவில்லை. பலகை மட்டும்தான்.

1934-ல் முடிந்த நம் புது ஆற்றின், அதாவது கல்லணைக் கால்வாயின், கரையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சொந்தக்காரர் நீர்வளத் துறை. தூர்வாரும் பொக்லைன் கரைமேல் வந்துதான் ஆகவேண்டும், அதனால் டைல்ஸ் பதிப்பதும் நடுவில் கம்பம் நடுவதும் கூடாது. கெட்டித்த கிராவல் போதும். மழைக்காலத்தில் எந்தக் கரை சேறாகும், எந்த மதகில் இறங்கித் தூக்கவேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு படம் போட்டு அனுப்புங்கள். எண் நான் போட்டுத் தருகிறேன்.

நீங்கள் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறீர்களா, எழுதுவதோடு சரியா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

வாரம் மூன்று நாள் உழவர் சந்தைக்கு. போக வர ஐந்து கிலோமீட்டர். முட்டி வலி உண்டு, ஆனால் நடக்கத்தான் வலிக்கிறது, மிதிக்க வலிக்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில் இறங்குவேன். சாக்கடை மூடி தெருவைவிட அரையடி உயரத்தில் நிற்கும். மனு கொடுத்தேன். சாக்கடை ஒரு ஆபீஸ், தெரு இன்னொரு ஆபீஸ். இரண்டிலும் அதே வாக்கியம் காதில் விழுந்தது. கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் எதிரே டீக்கடை வைத்திருக்கும் பையன் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டான். இரண்டு மழையில் ஊறி அது வளைந்துவிட்டது. தீபாவளிக்குள் புதுசு போடுகிறேன் ஆன்ட்டி என்றிருக்கிறான்.