ஒரு வருட ஆன்லைன் படிப்பில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு 39 வயது. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து, 16 வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒரு வருட ஆன்லைன் படிப்பில் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ ஆகிவிடலாம், அப்புறம் சொந்தமாக கிளினிக்கே வைக்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். மொத்தம் 1,80,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்ட வேண்டுமாம். இந்த வயதில் இது எனக்குச் சரிவருமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள், சிஸ்டர். மற்றதை அப்புறம் பேசலாம். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், வரையறுத்த எல்லைக்குள் சில சிகிச்சை முடிவுகளைத் தானே எடுக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ். நம் நாட்டில் ஆன்லைனில் படித்து யாரும் அப்படி ஆக முடியாது. வயது உங்களுக்குத் தடை இல்லை. கையில் பட்டம் இல்லாததுதான் தடை.

ஐ.சி.யூ.வில் இருப்பவருக்குப் பொருத்தமானது கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த, எம்.எஸ்சி. நிலையிலான இரண்டு வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே படிக்கும் படிப்பு அது. அதில் வகுப்பறைக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான், மீதியெல்லாம் நோயாளியின் கட்டிலருகே. விடியற்காலை மூன்று மணிக்கு, வென்டிலேட்டரில் இருப்பவரின் ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஹெச். 7.24, கார்பன் டை ஆக்சைடு 58. ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, மூச்சு போதவில்லை என்று அர்த்தம். இன்று நீங்கள் டூட்டி டாக்டரை எழுப்புவீர்கள். எதை மாற்ற வேண்டும் என்று 16 வருட அனுபவத்தில் உங்களுக்கே தெரியும், ஆனாலும் கை வைக்க முடியாது. இந்தப் படிப்பு முடித்தவர், மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் சிகிச்சை நெறிமுறை (புரோட்டோகால்) அனுமதிக்கும் அளவுக்கு வென்டிலேட்டர் ரேட்டைத் தானே மாற்றி, மறுபடி ஏ.பி.ஜி. அனுப்பி, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். அந்தத் தைரியம் கட்டிலருகே நின்று வருவது. லேப்டாப்பைப் பார்த்து வராது.

கிளினிக் கதையை மட்டும் எந்த நிலையிலும் நம்பாதீர்கள். புரோட்டோகால் மருத்துவமனையுடையது, அதன் வாசலைத் தாண்டினால் செல்லாது. தனியாகப் போர்டு மாட்டி மருந்துச் சீட்டு எழுதினால் போலி மருத்துவர் என்று வழக்கு வரும். போலீஸ் தேடி வருவது உங்களைத்தான், ஏஜென்டை அல்ல.

சரி, உங்களுக்கு வழி என்ன? ஜி.என்.எம். படித்தவர் முதலில், டிப்ளமா நர்ஸுகளுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்க வேண்டும். ரெகுலரில் இரண்டு வருடம். ரெசிடென்சியில் சேர அந்தப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணும், குறைந்தது ஒரு வருட மருத்துவமனை அனுபவமும் கேட்பார்கள். ஐ.சி.யூ. அனுபவம் என்றால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்டுகள் நுழைவது இந்த இடுக்கில்தான். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யைத் தொலைநிலையிலும் படிக்க வழி உண்டு. இக்னோ பல்கலைக்கழகத்தில், வேலையில் இருக்கும் நர்ஸுகளுக்காக, மூன்று வருடப் படிப்பாக. என்னிடம் வேலை பார்த்த ஒரு சிஸ்டர் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நைட் டூட்டி முடிந்த கையோடு நேர்முக வகுப்புக்குப் போய் அதை முடித்தார். அதுவும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதல்ல. வார்டில் பயிற்சி உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. இந்த ஒரு வாசல் திறந்திருப்பதைக் காட்டி, “பி.எஸ்சி.யே தபாலில் படிக்கலாம், எம்.எஸ்சி.க்கு என்ன?” என்று ஆரம்பிப்பார்கள். எம்.எஸ்சி. நர்சிங்குக்குத் தொலைநிலை கிடையாது. நர்ஸ் பிராக்டிஷனருக்குக் கிடையவே கிடையாது.

அப்படி வாங்கிய ஒரு சான்றிதழ் என் கைக்கே வந்திருக்கிறது. தடித்த பளபளப்பான தாள், மூலையில் தங்க நிற முத்திரை, ஹாலோகிராம்கூட இருந்தது. கவுன்சில் அங்கீகாரம் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கொண்டுவந்த பெண் தாலிச் செயினை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். எந்தப் படிப்பானாலும், “முடித்ததும் இதை மாநில நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியுமா?” என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை ஏஜென்டிடம் வாங்காதீர்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் கவுன்சில் அலுவலகம் இருக்கிறது, ஒரு ஆஃப் நாளில் நேரில் போய்விடுங்கள். கல்லூரிக்கு அந்தப் படிப்பை நடத்த இணைப்பு இருக்கிறதா என்பதைக் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம்.

இனி சம்பளம். குடும்பத்தோடு இருப்பவருக்கு இதுதான் பெரிய கேள்வி, நீங்களோ கேட்கவே இல்லை. ரெசிடென்சியில் இருப்பவர் பதிவு பெற்ற நர்ஸ். வேலையில் இருந்தபடி அனுப்பப்பட்டால் வழக்கமான சம்பளம், வெளியிலிருந்து சேர்ந்தால் படிப்பு நடக்கும் மருத்துவமனையின் சம்பள முறைப்படி சம்பளம் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. சில இடங்களில் அதை மறைத்து ஃபீஸையும் வாங்கிக்கொண்டு, இரண்டு வருடம் சும்மா வேலை வாங்கப் பார்ப்பார்கள். சேரும் முன் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கடிதம் கேளுங்கள். தர மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையாகச் சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசின் குழு 2016-லேயே பரிந்துரைத்தது. எத்தனை மருத்துவமனைகள் கேட்டன? நர்சிங் கவுன்சிலின் பழைய 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் படிப்பை முடித்தவரைப் பழைய ஸ்டாஃப் நர்ஸ் பதவியிலேயே உட்கார வைக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அதனால் படித்து வந்தால் என்ன பதவி, எவ்வளவு உயர்வு என்று உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

“இதை முடித்தால் அமெரிக்காவில் நேரே நர்ஸ் பிராக்டிஷனர்” என்றும் அந்த ஏஜென்ட் அடுத்துச் சொல்வார். அங்கே முதலில் என்க்ளெக்ஸ் என்ற தேர்வை எழுதி நர்ஸாக உரிமம் பெற வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற அந்த நாட்டுப் பட்டமேற்படிப்பு, அதற்கு மேல் தனிச் சான்றிதழ்த் தேர்வு. நம் ஊர்ப் படிப்பு அதற்கு ஈடாகாது.

உங்கள் ஜி.என்.எம். ஒரிஜினல் சான்றிதழ்கள் மருத்துவமனையின் ஹெச்.ஆர். பீரோவில் இருக்கிறதா? இருந்தால், அவற்றைத் திருப்பித் தரவும் 16 வருட அனுபவச் சான்றிதழ் தரவும் கேட்டு இந்த வாரமே விண்ணப்பம் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.