பிணம் இருக்கட்டும், விருந்து நடக்கட்டும்

கே: 'ஹார்ட் பாய்ல்டு' துப்பறியும் கதை என்கிறார்களே, வெந்த முட்டைக்கும் கொலைக்கும் என்ன சார் சம்பந்தம்?

ப: அரைவேக்காட்டு முட்டையைத் தட்டினால் ஒழுகிவிடும். முழுக்க வெந்தது ஒழுகாது. துப்பறிகிறவரும் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் கலங்க மாட்டார். 1920-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுப் பத்திரிகை வளர்த்த ஆசாமிகள் இவர்கள். கூலிக்குத் துப்பறிவார்கள், உதை வாங்குவார்கள், வீங்கிய தாடையைத் தடவிக்கொண்டே கிண்டல் பேசுவார்கள். தமிழில் 'இறுகிய துப்பறிவாளர்' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

கே: இந்த வகைக் கதை இருட்டுச் சந்தில்தானே நடக்க வேண்டும்? பணக்கார விருந்தில் நடந்தால் எடுபடுமா?

ப: சந்தில் பிணம் கிடந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். மாளிகையில் கிடந்தால் ஓட மாட்டார்கள், அடுத்த கோப்பை எப்போது வரும் என்று பார்ப்பார்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. இதற்கு டேஷியல் ஹாமெட்டின் 'தி தின் மேன்' ('ஒல்லி மனிதர்', 1934) நாவல் ஒன்று போதும். ஹாமெட் நிஜமாகவே பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய நிக் சார்ல்ஸ், மாமனார் செத்துப்போய் மனைவி நோராவுக்கு மர ஆலையும் சின்ன ரயில் பாதையும் வந்து சேர்ந்ததும், துப்பறிவதை விட்டுவிட்டுச் சொத்தைப் பார்த்துக்கொள்ளப் போனவர். கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் வருகிறார். குடிப்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை. ஒரு கொலை விழுகிறது. 'நான் இந்த வழக்கில் இல்லை' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். போலீஸ் உட்பட ஒருத்தரும் நம்பவில்லை. புத்தகம் முழுக்க இந்த ஒரே ஜோக்தான், ஆனால் தேயவே இல்லை.

இன்னொன்று. கதை நடப்பது 1932 டிசம்பரில், மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அதனால் கொலைகாரர் வருவதற்கு முன்பே பாத்திரங்கள் எல்லோரும் கண்ணாடிக் கோப்பையும் கையுமாகச் சட்டத்தை மீறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நம் கதாநாயகர் காலையிலேயே.

எனக்குப் பிடித்த இடம்: படுக்கையறைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைகிறான். குண்டிலிருந்து காப்பாற்ற மனைவியை நிக் ஒரே அடியில் மயங்க வைக்கிறார். மயக்கம் தெளிந்ததும் நோராவுக்கு வலி பற்றிக் கவலை இல்லை. அவனை இவர் மடக்கியதைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்றுதான் கோபம்!

கே: அந்த ஒல்லி மனிதர் இவர்தானா?

ப: இல்லை, காணாமல்போன கண்டுபிடிப்பாளர். நாவலைப் படமாக்க, அது நன்றாக ஓடி, அதே பெயரோடு இன்னும் ஐந்து படங்கள் வந்ததில் பட்டம் துப்பறிவாளர் தலையில் உட்கார்ந்துவிட்டது.

கே: நம் துப்பறியும் சாம்புவும் இதே ஜாதிதானே?

ப: தேவனின் சாம்புவுக்கு மூளை குறைவு, அதிர்ஷ்டம் ஏராளம். நிக்குக்கு மூளை இருக்கிறது, துப்பறியத்தான் மனசில்லை. எனக்கு சாம்புதான் ஒரு படி மேல், அது வேறு விஷயம்.

கே: இப்படி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் அத்தியாயத்தில், கார் டிரைவரைக் கொன்றது யார் என்று எனக்கே தெரியவில்லை.

ப: அட, நல்ல துணைதான் கிடைத்திருக்கிறது! இதே வகைக் கதைகள் எழுதிய ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' நாவல் படமானபோது, அதில் வரும் டிரைவரைக் கொன்றது யார் என்று அவரிடமே கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்றுவிட்டார். ஆனால் சிரிக்க வைக்கும் கதையில் அந்தச் சலுகை கிடைக்காது. இருநூறு பக்கம் சிரித்தவர் கடைசியில் கறாராகக் கணக்குக் கேட்பார். நானும் இளம் வயதில் ஒன்று எழுதினேன். விருந்தில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் என்னைப் போலவே நக்கலாகப் பேசினார்கள். ஆசிரியர் திருப்பி அனுப்பிய கடிதத்தில் ஒரே வரி: 'செத்தவர் பேச்சுதான் சகிக்கும்படி இருக்கிறது.' முதலில் ஆளுக்கு ஒரு குரல் கொடுங்கள். டிரைவரை அப்புறம் பார்க்கலாம்.

கே: 'தின் மேன்' கதையில் நாய் இருக்கிறதாமே. சாகுமா? சாகும் என்றால் படிக்க மாட்டேன்.

ப: சாகாது. புத்தகத்தில் ஷ்னாசர், படத்தில் ஃபாக்ஸ் டெரியர். தைரியமாகப் படியுங்கள் அம்மா.