ஓடினால் செல்கள் துருப்பிடிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 49. இருபது வருடம் சிகரெட் பிடித்தேன். விட்டு ஒரு வருடம் ஆகிறது. தினமும் காலையில் நாற்பது நிமிடம் ஓடுகிறேன். ‘ஓடினால் ஃப்ரீ ராடிக்கல் கூடும், செல்கள் துருப்பிடிக்கும்’ என்று சொல்லி நண்பர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை ஒன்றைச் சிபாரிசு செய்தார். வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஓட்டத்தை மட்டும் விடாதீர்கள்.

முதலில் பீட்டா கரோட்டின். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. தினமும் 20 மில்லிகிராம், அதாவது உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே அளவு கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள்; மாத்திரை எடுத்தவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வை 1996-இல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. இதைப் படித்துப் பதறாதீர்கள். அவர்கள் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள், நீங்கள் மூன்று மாதம்தான். ஆனாலும் போன வருடம் வரை புகைத்த ஒருவருக்கு நான் இதை எழுதித் தரமாட்டேன்.

சரி, நல்லது என்று நினைத்துக் கொடுப்பது ஏன் கெடுதலில் முடியக்கூடும்? அதற்கு இந்தத் ‘துரு’ என்ற பேச்சைக் கொஞ்சம் உதற வேண்டும். இரும்பில் ஏறிய துரு தானாகத் திரும்பி இரும்பாவதில்லை. செல்லுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றத்தில் பெரும்பகுதி போய்த் திரும்பி வருகிற விஷயம். ஒரு புரதம் எலக்ட்ரானை இழக்கிறது, சற்று நேரத்தில் திரும்பப் பெறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் ரெடாக்ஸ் என்கிறோம்.

செல்லில் சக்தி தயாராகும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்கே செலவாகும் ஆக்சிஜனில் சிறு பங்கு சூப்பராக்சைடாகக் கசிகிறது. உங்கள் நண்பர் சொன்ன ஃப்ரீ ராடிக்கல், அதாவது எதோடும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறு, இந்த வகைதான். அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதியை 1969-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வெள்ளையாகப் பொங்கி நுரைக்கும், பார்த்திருப்பீர்கள். ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் குமிழிகள்தான் அவை. வெளியிலிருந்து ஊற்றியதையே இந்த வேகத்தில் உடைக்கிற உடம்பு, உள்ளே ஊறுவதைச் சும்மா விடுமா? இது போக, குளூட்டாதயோன் என்ற சின்னத் தற்காப்பு மூலக்கூறையும் ஒவ்வொரு செல்லும் தானே தயாரித்து, தீரத் தீரப் புதுப்பித்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளிவிடுவதில்லை என்பதுதான் இதில் எனக்கு ஆச்சரியமான இடம். கொஞ்சம் பெராக்சைடை செல் வேண்டுமென்றே உண்டாக்குகிறது. இன்சுலின் வந்து செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டியதும் உள்ளே துளி பெராக்சைடு பிறக்கிறது. அது இன்சுலினின் தகவலை அணைக்கும் நொதியைச் சற்று நேரம் முடக்கிவைப்பதால்தான் அந்தத் தகவல் முழுதாகப் போய்ச் சேர்கிறது. வெள்ளை அணுக்களும் கிருமியை விழுங்கியதும் சூப்பராக்சைடைக் கொட்டித்தான் அதைக் கொல்கின்றன. இந்தச் சூப்பராக்சைடை உண்டாக்கும் நொதி சரியாக வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகள் தொற்று மாற்றித் தொற்று வந்து அவதிப்படுவதே, இது எவ்வளவு தேவை என்பதற்குச் சாட்சி.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன். நண்பர் சொன்னது பாதி சரி: ஓடும்போது தசையில் ஃப்ரீ ராடிக்கல் கூடத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பார்த்துத்தான் தசை தன் தற்காப்பு நொதிகளை அதிகமாகத் தயாரிக்கிறது, இன்சுலினுக்கு நன்றாக இணங்கவும் பழகுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களிடம் நாலு வாரம் நடத்திய ஒரு ஆய்வு 2009-இல் வந்தது. வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் எடுத்தவர்களுக்கு உடற்பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் பலன் வரவில்லை, எடுக்காதவர்களுக்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவுக்குச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் விடிகாலையில் எழுந்து நீங்கள் ஓடிச் சம்பாதிப்பதை ஒரு மாத்திரை குறைத்துவிடலாம் என்ற சந்தேகமே எனக்குப் போதும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கல் வாங்கலில் இழப்பு மீறிப் போய், தற்காப்பு தீர்ந்துவிடும் நிலை நிஜமாகவே உண்டு. பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவரின் கல்லீரலில் குளூட்டாதயோன் தீர்ந்துபோய் செல்கள் சாகின்றன. அங்கே குளூட்டாதயோனுக்கு மூலப்பொருளான என்-அசிட்டைல் சிஸ்டீனை நேரத்தோடு கொடுத்தால் உயிர் பிழைக்கிறது. எது தீர்ந்தது என்று தெரிந்து, அதை நிரப்புகிற வைத்தியம் அது. புகை, கட்டுப்படாத சர்க்கரை நோய் இரண்டும் இந்த அழுத்தத்தை மாதக்கணக்கில் நீடிக்க விடுகின்றன. நீங்கள் ஒன்றை ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள். எந்த மாத்திரையாலும் கிடைக்காத லாபம் அது. சர்க்கரையை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

காய்கறி, பழத்தில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்குப் பயப்பட வேண்டாம், இந்த ஆபத்து மாத்திரை அளவுகளில் தெரிந்ததுதான். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களானால், இந்த மூன்று மாதம் வைட்டமின் ஈ எடுத்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தக் கசிவை அது கூட்டலாம். மற்றபடி, இதைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. நாளைக் காலை மாத்திரை போடாமலே ஓடப் போகலாம்.