உடைந்துவிடும் என்று ஈட்டியை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் செல்டா வீடியோ விளையாட்டில், வா ரூட்டா என்னும் யானை வடிவ இயந்திரத்தை மீட்டதற்காக, ஸோரா இனத்தின் மன்னர் டோரஃபான் எனக்கு லைட்ஸ்கேல் டிரைடெண்ட் என்னும் மும்முனை ஈட்டியைத் தந்தார். அதன் தாக்கும் ஆற்றல் 22 தான். அது மன்னரின் மறைந்த மகள் மீஃபாவின் ஈட்டி என்பதால், உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பையிலேயே வைத்திருக்கிறேன். இவ்வளவு இலேசான ஆயுதம் சண்டைக்கு உதவுமா?

பதில்: உதவும்; தயங்காமல் எடுத்துச் சுழற்றுங்கள். திரையில் தெரியும் 22 என்ற எண் உங்களை ஏமாற்றுகிறது. ஓர் ஆயுதம் எத்தனை அடி தாங்கும் என்பதை இந்த விளையாட்டு எண்ணாகக் காட்டுவதே இல்லை என்பதால், பலரும் ஆற்றலை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ராயல் ஹால்பர்ட் என்னும் மற்றோர் ஈட்டியின் ஆற்றல் 26. ஆனால் அது தாங்குவது 50 அடிகள். உங்கள் ஈட்டியோ 70 அடிகள் தாங்கும். ஆற்றலையும் அடிகளையும் பெருக்கிப் பார்த்தால், உடைவதற்குள் உண்டாக்கும் மொத்தப் பாதிப்பு முன்னதற்கு 1300, பின்னதற்கு 1540. ஆற்றல் 60 கொண்ட போல்டர் பிரேக்கர் என்னும் கனத்த ஆயுதம் இந்தக் கணக்கில் இரண்டையும் எளிதாக வென்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆயுதத்தை ஒருமுறை ஓங்கி இறக்குவதற்குள் ஈட்டியால் பலமுறை குத்திவிடலாம், அதுவும் எதிரியின் கைக்கு எட்டாத தொலைவிலிருந்தே. இரு கைகளாலும் பிடிக்க வேண்டியிருப்பதால் கேடயத்தைப் பயன்படுத்த முடியாது என்பதே ஈட்டியின் பெரிய குறை. ஆகவே தாக்குதலைத் தடுப்பதைவிட, விலகித் தப்பிப் பழகியவர்களுக்கே இது பொருந்தும்.

உடைந்தாலும் கவலை வேண்டாம். ஸோரா குடியிருப்பில் உள்ள கொல்லர் டென்டோவிடம் ஒரு ஸோரா ஈட்டி, ஐந்து சிக்கிமுக்கிக் கற்கள், ஒரு வைரம் ஆகியவற்றைக் கொடுத்தால் மறுபடியும் செய்து தருவார். விற்றால் 500 ரூப்பி (விளையாட்டின் நாணயம்) கிடைக்கும் வைரத்தை இதற்குக் கொடுப்பது எனக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. அதனால் பாறைகளை உடைப்பது போன்ற வேலைகளில் ஈட்டியை வீணாக்காதீர்கள். அந்த அடிகளும் கணக்கில் சேரும். நினைவுப்பொருளாகவே வைத்திருக்க விரும்பினால், ஹட்டேனோ கிராமத்தில் வீடு வாங்கிச் சுவரில் மாட்டிவிடுங்கள். பையில் ஓர் இடமாவது மிஞ்சும்.

கேள்வி: ஈட்டி உடையப்போகிறது என்ற எச்சரிக்கை தோன்றியதும் என்ன செய்வது?

பதில்: அற்ப எதிரியிடம் அதைச் செலவழிக்காமல், வலுவான எதிரி வரும்வரை பையில் வைத்திருங்கள். உடையும் அந்தக் கடைசி அடி இருமடங்கு பாதிப்பை உண்டாக்கும் என்பதால், உங்கள் 22 அப்போது 44 ஆகிவிடும்.