பிடிதுணியில் தொடங்குங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பல வருடம் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது வேலைக்குப் போவதில்லை. எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மதியம் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவும் இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங்கும் இலவசமாகச் சொல்லித் தருகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கற்றது, விரல் மறக்கவில்லை. ஆரம்பத்தில் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லோருக்கும் மஃப்ளர் ஆரம்பித்துக் கொடுத்தேன். நாலாவது வாரம் பாதிப் பேரைக் காணோம். இருப்பவர்களில் சிலர் யூடியூபில் பார்த்துவிட்டு ஸ்வெட்டர், பொம்மை என்கிறார்கள். சிலர் “இதில் வருமானம் வருமா?” என்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஏதாவது பெரிதாகச் செய்து ஆஸ்பத்திரிக்கோ இல்லத்துக்கோ கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. எதில் ஆரம்பிக்கலாம், எந்த நூல் வாங்கலாம், சொல்லுங்கக்கா. இன்னொன்று, பாட்டியோடு ஒரு பையன் வருகிறான், ஆறாவது படிக்கிறான். ஊசியை வாங்கிப் பின்னுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பாதிப் பேர் நின்றதற்கு மஃப்ளர்தான் காரணமாக இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே கண்ணியைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அது மாதக் கணக்கில் முடியாது. முடித்தாலும் திருப்பூர் வெயிலில் யார் கழுத்தில் சுற்றிக்கொள்வது? கைவேலை வகுப்புக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: முதல் பொருள் இரண்டு உட்காரலுக்குள் முடிய வேண்டும், மறுநாள் காலையில் வீட்டில் பயன்பட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதனால் பிடிதுணியில் தொடங்குங்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க எல்லா வீட்டிலும் ஒரு பழந்துணி கிடக்கிறது. அந்த இடத்துக்குத் தடிமனான, இரண்டு அடுக்கு குரோஷா சதுரம் ஒன்று. தொடக்க வரிசையான சங்கிலியும், குட்டையான அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷாவும் தெரிந்தால் போதும்.

வழக்கமான சதுரத்தைச் சொல்லித்தராதீர்கள். புதியவர்கள் ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு கண்ணியை விடுவார்கள், அல்லது கூட ஒன்று போடுவார்கள். பத்து வரிசையில் சதுரம் முக்கோணமாகிவிடும், மனசு விட்டுப்போகும். வரிசை முடிவே இல்லாத முறை ஒன்று இருக்கிறது. சுமார் 25 செ.மீ. நீளத்துக்குச் சங்கிலி போடச் சொல்லுங்கள். அதன் ஒரு பக்கம் முழுக்க சிங்கிள் குரோஷா போட்டு, முனை வந்ததும் திரும்பி, அதே சங்கிலியின் மறுபக்கத்தில் போடட்டும். பிறகு நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்த பை மாதிரி ஒன்று எழும்பும். ‘என்னக்கா இது, பிடிதுணி கேட்டால் பை வருது’ என்பார்கள். பின்னிக்கொண்டே இருக்கட்டும். பை ஏறக்குறைய 12, 13 செ.மீ. உயரம் வந்ததும் சங்கிலி ஒரு பக்கத்தின் நடுவே குறுக்காகக் கிடக்கும்படி தட்டையாக மடித்துப் பாருங்கள். திறந்த வாயின் இரண்டு உதடும் மறுபக்கத்தின் நடுவில், எதிர்மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, ஒன்றையொன்று தொடும். தைத்து மூடினால் பக்கத்துக்கு 18 செ.மீ. அளவில் இரட்டை அடுக்குச் சதுரம். அந்த மடிப்பு மட்டும் வகுப்பில் எல்லோர் கண் முன்னாலும் நடக்கட்டும்.

நூல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். சூடான பாத்திரத்தில் பட்டால் அது உருகும். பிடிதுணிக்குப் பருத்தி நூல் மட்டும்தான். சந்தேகம் வந்தால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். அசல் கம்பளியில் முடி பொசுங்கும் நாற்றம் வரும். அக்ரிலிக் உருகிக் கறுத்து, கெட்டி மணியாக நின்றுவிடும். இந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்து காட்டினால் அதன்பிறகு கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி யாரும் வாங்கமாட்டார்கள்.

கண் மங்கியவர்கள் இருந்தால் கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் எதையும் கொடுக்கவேண்டாம். இருண்ட நூலில் கண்ணி தெரியாது. சந்தன நிறம், இளமஞ்சள் எடுத்துக்கொடுங்கள். 4 அல்லது 5 மி.மீ. ஊசி போதும். மெல்லிய ஸ்டீல் ஊசியும் லேஸ் நூலும் கை பழகிய பிறகு வரட்டும்.

இரண்டாவது பொருளுக்கு நீங்கள் நூலே வாங்கவேண்டாம். பனியன் கட்டிங் வேஸ்ட் உங்கள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சாதாரணப் பனியனின் ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சி துணியைக் குறுக்குவாட்டில், அதாவது உடம்பைச் சுற்றி வரும் திசையில், இரண்டரை செ.மீ. அகல நாடாக்களாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழு இழுத்தால் ஓரங்கள் தாமாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். கழுத்துப்பட்டைக்குப் போடும் ரிப்பும், இரட்டைப் பின்னலான இன்டர்லாக்கும் அப்படிச் சுருளாது, அவற்றை ஒதுக்கிவிடுங்கள். இந்தக் கயிற்றை 10 மி.மீ. ஊசியால் பின்னினால் கால்மிதி, சின்னக் கூடை எல்லாம் வேகமாக முடியும். ஒயர் கூடை பின்னிய கைகளுக்கு இது உடனே பிடிபடும்.

நிட்டிங்கில் உங்களுக்கு இருக்கும் வசதி வேறு எந்த ஊர் ஆசிரியைக்கும் கிடையாது. உங்கள் மாணவிகள் வாழ்நாள் முழுக்கப் பின்னல் துணியைத் தொட்டவர்கள். ஒரு பனியனைக் கொடுத்து, கம்பெனியில் துணி பார்க்க வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் வரிசை வரிசையாக ‘வி’ எழுத்து, பின்பக்கம் சின்னச் சின்ன மேடு. இரண்டு ஊசியில் ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), அடுத்த வரிசை பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போட்டால் வருவதும் இதுவேதான். கழுத்துப்பட்டையின் ரிப், ஒரு நிட் ஒரு பர்ல். 1589-இல் இங்கிலாந்தின் கால்வெர்ட்டன் கிராமத்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தார். கையின் அதே கண்ணிகளை அது போட்டது. உங்கள் ஊரின் வட்டப் பின்னல் இயந்திரங்கள் எல்லாம் அந்தப் பரம்பரையில் வந்தவை. ஒரு கண்ணி விட்டால் ஏணி மாதிரி கீழே ஓடும் என்பதை செக்கிங் மேஜையில் பார்த்தவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். ஓடிய கண்ணியைக் குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வருவதை மட்டும் காட்டுங்கள். அன்றைக்கே பயம் போய்விடும்.

அடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் உங்கள் ஆசை. குறைமாதக் குழந்தைகளுக்கான தொப்பி பின்னலாம். வெயில் ஊரில் தொப்பி எதற்கு என்று கேட்பார்கள். எடை குறைந்த குழந்தைக்கு உடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் சக்தி குறைவு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, அந்த வழியாகச் சூடு நிறையப் போகும். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதில் குழந்தைக்கு உடுத்துவது மிகக் குறைவு, ஆனால் தொப்பி உண்டு.

குரோஷாவை விட நிட்டிங் ரிப் இதற்கு நல்லது. இழுபடும், தலைக்கு ஏற்றபடி உட்காரும். குரோஷாதான் தெரியும் என்பவர்கள் சிங்கிளில் நெருக்கமாகப் போடட்டும். டபுள் குரோஷா உயரமான கண்ணி, அதன் இடைவெளியில் சூடும் போகும், குழந்தையின் விரலும் மாட்டும். உச்சியில் ஆறு கண்ணியில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். 30 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு வட்டம் 9 செ.மீ. அகலம் ஆனதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்கினால் சரி. நிறைமாதக் குழந்தையின் தலை 33 முதல் 35 செ.மீ. வரை இருக்கும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சிறிது. ஆகவே பல அளவில் பின்னுங்கள். மென்மையான பருத்தி நூல் எடுங்கள். பொத்தான், ரிப்பன், குஞ்சம் எதுவும் கூடாது. முதலில் வார்டு நர்ஸிடம் போய் எந்த அளவு வேண்டும், வெளியிலிருந்து வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

யூடியூபில் பார்த்து ஆக்டோபஸ் பொம்மை பின்னலாம் என்று யாராவது கேட்பார்கள். 2013-இல் டென்மார்க்கில் தொடங்கியது அது. குறைமாதக் குழந்தை அதன் கைகளைப் பிடித்துக்கொண்டால் தன் உடம்பில் பொருத்திய மருத்துவக் குழாய்களை இழுக்காது என்றார்கள். அதற்கு வலுவான மருத்துவ ஆதாரம் இல்லை. தொப்பியே போதும்.

எல்லோரும் சேர்ந்து பெரிதாக ஒன்று என்றால், நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும் கிரானி சதுரங்களைக் கோத்த போர்வை. 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழு 11,148 சதுர மீட்டருக்கு மேலான குரோஷா போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தது. பலர் வெவ்வேறு வீடுகளில் பின்னிய சதுரங்கள் சேர்ந்துதான் அது. உங்களுக்கு அந்த அளவு வேண்டாம், ஒரு முதியோர் இல்லத்துக்கு நான்கு போர்வை போதும். சிக்கல் எங்கே வரும் என்றால் சதுரங்களின் அளவில். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. 15 செ.மீ. அட்டை ஒன்று வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். இறுக்கமாகப் பின்னுபவருக்கு அரை எண் பெரிய ஊசி. அவரைத் ‘தளர்த்திப் போடுங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கை இன்னும் இறுகும்.

வீடியோ பார்த்துப் பின்னுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷா என்று சொல்வது அமெரிக்கர்களுக்கு சிங்கிள் குரோஷா. தொப்பி இரண்டு மடங்கு பெரிதாக வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.

இப்போது வருமானம். இதில் நான் உறுதியாகச் சொல்கிறேன், வகுப்பில் வருமானத்தை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். ஆந்திராவின் நரசாபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த குரோஷா லேஸ் இன்றும் தொடர்கிறது, 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்து 1982-இல் வெளியிட்டது மனசை அறுக்கும். லேஸ் வெளிநாட்டுக்குப் போனது, இடையில் இருந்தவர்கள் பணம் பார்த்தார்கள். பின்னிய பெண்கள் தினமும் மணிக்கணக்கில் உழைத்தும் அற்பக் கூலி பெற்றார்கள். அவர்கள் வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலி குறைக்கப்பட்டது.

குரோஷாவுக்கு மனிதக் கைதான். எலாஸ்டிக் நாடா பின்னும் இயந்திரத்தை உங்கள் ஊரில் குரோஷா மெஷின் என்பார்கள், அது வேறு பின்னல். ஆக, கடையில் மலிவாகத் தொங்கும் அசல் குரோஷா டாப்ஸுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்படாத கூலி இருக்கிறது. அந்த விலையோடு உங்கள் மாணவிகள் போட்டி போடவேண்டாம். விற்க விரும்புபவர் ஒரு ஜோடி குழந்தைக் காலுறைக்கு எத்தனை மணி ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதட்டும். கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு என்ன கூலி என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் மணிக்கு இவ்வளவு, நூல் விலை இவ்வளவு என்று கூட்டினால் வருவதுதான் விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் விற்கட்டும். இல்லையென்றால் தன் பேரக்குழந்தைக்குப் பின்னட்டும். ‘நூல் காசு மட்டும் கொடுங்க’ என்று ஒருவர் ஆரம்பித்தால் வகுப்பில் உள்ள எல்லோருடைய உழைப்பின் விலையும் இறங்கிவிடும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசுங்கள். பின்னல் சொல்லித் தருவதற்கு இணையாக முக்கியமானது இது.

கடைசியாக அந்தப் பையன். கேள்வியே வேண்டாம், சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல்காரர் சங்கங்கள் ஆண்களுடையவை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, உங்கள் ஊர் நிட்டிங் மெஷின்களை ஓட்டுவது பெரும்பாலும் ஆண்கள்தானே. சிரிப்பவர்களிடம் அதைக் கேளுங்கள். அவனுக்குத் தனி ஊசி ஒன்றும் பனியன் கயிறும் கொடுங்கள். பாட்டியின் நூலைக் கடன் வாங்கிப் பின்ன வேண்டாம். இடக்கைப் பழக்கம் உள்ளவனா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் உட்காரவைக்காமல் நேர் எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள், உங்கள் கையைப் பார்த்து அப்படியே செய்துவிடுவான்.

அன்புடன்,
அக்கா